இடுப்புத் தசை விறைப்பை அளக்கும்போது எண் எங்கே தவறுகிறது?

மயோட்டான்ப்ரோவில் (தோலின்மேல் தட்டித் தசை விறைப்பை அளக்கும் கைக்கருவி) அளப்பவர்களுக்கு என் முறை: குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் மெல்லிய தலையணை வையுங்கள். கைகள் பக்கவாட்டில் இருக்கட்டும். முகம் கட்டிலின் துளைக்குள். ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தால் இடம் வலம் ஒப்பிட முடியாது. பத்து நிமிடம் அசையாமல் கிடக்கட்டும். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வேகமாக நடந்து வந்தவரின் தசை அதற்குள்தான் அடங்கும். இரண்டு இடுப்பெலும்பு உச்சிகளையும் இணைக்கும் கோடு எல்4 (கீழ்முதுகின் நான்காவது எலும்பு) அருகே போகும். அங்கிருந்து ஒரு முதுகெலும்பு முள் மேலே, பக்கவாட்டில் 3 செ.மீ. தள்ளிப் பேனாவால் புள்ளி வையுங்கள். முனை தோலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கருவி 0.18 நியூட்டன் அழுத்தத்தில் நின்று, 0.4 நியூட்டனில் 15 மில்லிசெகண்ட் தட்டும். ஐந்து தட்டும் முடியும்வரை மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். மாறுபாடு 3 சதவீதத்தைத் தாண்டினால் அந்த அளவு வேண்டாம், மறுபடி எடுங்கள்.

*

அக்கா சொன்னதோடு ஒன்று: ஏர்கோன் காற்று நேரே முதுகில் படும் கட்டிலைத் தவிர்த்துவிடுங்கள். குளிரில் தசை இறுகும். இன்னொன்று கொழுப்பு. முனை தட்டுவது தோல், கொழுப்பு, தசையுறை, தசை எல்லாவற்றையும் சேர்த்துத்தான். முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் கிடக்கும் மல்டிஃபிடஸ் தசையை அது தனியாகக் காட்டாது. ஆகவே பருமனானவரின் எண்ணை ஒல்லியானவர் எண்ணோடு வைத்துப் பேசுவதே தப்பு. அவரவரை அவரவரோடு ஒப்பிடுங்கள்.

*

ஆழத் தசைதான் வேண்டுமென்றால் ஷியர் வேவ் எலாஸ்டோகிராபி, அதாவது தசைக்குள் அலை ஓடும் வேகத்தை அளக்கும் அல்ட்ராசவுண்ட். புரோபை (தோலில் வைக்கும் அதன் முனை) தசை இழை ஓடும் திசையிலேயே வைக்க வேண்டும்; குறுக்கே வைத்தால் அலை மெதுவாகி எண் இறங்கிவிடும். கை அழுத்தினால் ஏறிவிடும், அதனால் ஜெல்லைத் தடிமனாகப் போட்டு புரோபை அதன்மேல் மிதக்க விடுங்கள். திரையில் வரும் கிலோபாஸ்கலை நான் குறிப்பில் எழுதுவதில்லை. வேகத்தை வர்க்கமாக்கி 3 மடங்காக்கியதுதான் அது: நொடிக்கு 2 மீட்டர் என்றால் 12, 3 மீட்டர் என்றால் 27. எல்லாத் திசையிலும் ஒரே தன்மை என்று எடுத்துக்கொண்ட கணக்கு, தசையோ அப்படியில்லை. வேகத்தையே எழுதுங்கள்.

*

சிகிச்சைக்கு முன்பே இரண்டு வெவ்வேறு நாளில், ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள் அண்ணே. மயோட்டான்ப்ரோவில் அளவீட்டுப் பிழை மீட்டருக்கு 12 நியூட்டன் என்று வந்தால், அதை 2.77ஆல் பெருக்கினால் சுமார் 33. விறைப்பு அதைவிடக் குறைவாக இறங்கியிருந்தால், அதை முன்னேற்றம் என்று நோயாளியிடம் சொல்லக்கூடாது. தேசிய சேவையின் இன்-கேம்ப் பயிற்சி (ராணுவ முகாம் பயிற்சி) முடித்த மறுநாள் வருபவருக்கு அன்று அளக்காமல் தள்ளிப்போடுவது நல்லது. "கட்டையாட்டம் இருக்கு" என்பவருக்கு எண் சாதாரணமாக வரலாம். வலியையும் விறைப்பு உணர்வையும் 0 முதல் 10 வரை தனியாகக் கேட்டு அதே தாளில் எழுதுங்கள்.