பழைய லேப்டாப்பில் பாஸ்வேர்டு இல்லாமல் செக்யூரிட்டி கீ: யாராச்சும் போட்டிருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். பாம்பன்ல எங்க மகளிர் குழு அக்காமாருக்காகக் கேக்குறேன். கருவாட்டுக் கணக்கு எழுத ரெண்டு பழைய லேப்டாப் இருக்கு. ஒண்ணு விண்டோஸ் 7, இன்னொண்ணு விண்டோஸ் 10. மெயில் பாஸ்வேர்டெல்லாம் கணக்கு நோட்டோட பின் அட்டையில எழுதி மேஜை மேலயே கிடக்கு. பார்க்கிறப்பல்லாம் பக்குங்குது.

அதான் ஆளுக்கொரு செக்யூரிட்டி கீ, அதாவது யூஎஸ்பி போர்ட்ல சொருகி லாகின் பண்ற சின்னச் சாவி, வாங்கிக் கொடுக்க நினைக்கிறேன். பாஸ்வேர்டே இல்லாம நுழைய ஃபிடோ2-ங்கிற புதுத் தரத்துல வர்ற கீ வேணும்; யூ2எஃப்-ங்கிற பழைய தரத்துக் கீ பாஸ்வேர்டுக்கு அப்புறம் ரெண்டாவது பூட்டு மட்டும்தான். விண்டோஸ் 10-ல 1903 பதிப்புலேர்ந்து இதுக்கு நேரடி ஆதரவு இருக்கு. விண்டோஸ் 7-க்கு குரோம் 109-தான் கடைசி, அதை இனி நம்பி ஓட்டக்கூடாது. அதனால அந்த லேப்டாப்புல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச இயங்குதளம் போடலாம்னு இருக்கேன்.

அங்கதான் உங்க அனுபவம் வேணும். லினக்ஸ்ல பயர்பாக்ஸ், கீயோட பின் நம்பரைக் கேட்டு ஒழுங்கா உள்ள விடுதா? லேப்டாப் லாகினுக்கே பாம்-யூ2எஃப் (லினக்ஸ் லாகின்ல கீயைக் கேக்க வைக்கிற மென்பொருள்) போட்டவங்க இருந்தா, கீ தொலைஞ்சா மாற்று வழி என்ன வச்சிருக்கீங்க?

இன்னொரு பெரிய கவலை, உப்புக்காத்து. யூஎஸ்பி போர்ட் உள்ள பச்சை பூத்து, பென்டிரைவையே ஆட்டி ஆட்டிச் சொருகினாத்தான் எடுக்குது. கீயை நேரா சொருகாம சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் வழியா வச்சா தாங்குமா? போர்ட்டை எதை வச்சுத் துடைக்கிறீங்க?

உபரி கீ ஆளுக்கு ஒண்ணு வாங்கக் காசு பத்தாது. ஒரே உபரி கீயில எல்லார் கணக்கையும் பதிஞ்சு குழுத் தலைவிகிட்ட பூட்டி வைக்கிறது சரிவருமா, சொல்லுங்க.