ஏழு மாதமான ஐபிஏ: குறை என் மூக்கிலா, கேனிலா?

குன்னூர்க் கோப்பை எழுதியது:

ஏலத்துக்குச் செல்லும் தேயிலை மாதிரிகளைச் சுவைத்துத் தரம் பிரிப்பது என் தொழில். அமெரிக்காவில் இருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனர், சுங்கத்தில் அனுமதிக்கப்படும் இரண்டு லிட்டருக்குள் அடங்குமாறு 473 மில்லி கேன்கள் நான்கு கொண்டு வந்தார். சிறிய ஆலை ஒன்றில் காய்ச்சிய இந்தியா பேல் ஏல் (ஐபிஏ) என்னும் கசப்பு மிகுந்த பீர்; 6.8 விழுக்காடு ஆல்கஹால், கசப்பு 65 ஐபியு (பீரின் கசப்பை அளக்கும் அலகு) என்று அச்சிட்டிருந்தது. மாம்பழம், ஆரஞ்சுத் தோல், பைன் பிசின் ஆகியவற்றின் மணம் இருக்கும் என்றும் கேனில் எழுதியிருந்தார்கள். குளிர்பதனப் பெட்டியில் இருந்து எடுத்துத் திறந்தவுடன் நுரை பொங்கி மேசை முழுவதும் வழிந்தது. எஞ்சியதைத் தேநீரைப் போலவே உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிப் பார்த்தேன். பழ மணம் எதுவும் தெரியவில்லை, பழைய தேனும் நனைந்த அட்டைப்பெட்டியும் கலந்தாற்போன்ற ஒரு வாடையும், அதன் மேல் கடுமையான கசப்பும்தான் இருந்தன, நாக்கும் உலர்ந்தது. கேனின் அடியில் உள்ள தேதிப்படி அதை அடைத்து ஏழு மாதம் ஆகிறது. குறை என்னுடையதா, கேனுடையதா? இவ்வகைப் பீரை முறையாக மதிப்பிடுவது எப்படி?

பைன்காட்டு வாசி (கொடைக்கானல்) எழுதியது:

பெரும்பகுதி கேனின் குறைதான். சிறுபகுதி தங்களுடையது, பொறுத்தருள்க. பீர் காய்ச்சும்போது சேர்க்கும் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவில் இருந்து இருவேறு பொருள்கள் பீருக்கு வருகின்றன. நீண்ட நேரம் கொதிக்கும்போது அதன் ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தருகின்றன. கொதி அடங்கும் வேளையிலும், நொதித்த பின்னரும் சேர்க்கப்படும் பூவின் எண்ணெய்களே மணத்தைத் தருகின்றன. ஆக்சிஜனும் வெப்பமும் பட்டால் அந்த எண்ணெய்களின் மணம் விரைவில் மங்கிவிடும், கசப்போ மெல்லத்தான் குறையும். ஆகவே மணம் போன பின்னும் கசப்பு நிற்கிறது. முன்பு அதற்குத் துணை நின்ற பழ வாசனை இல்லாததால் அது இன்னும் கடுமையாகத் தோன்றுகிறது. தேனும் அட்டையும் ஆக்சிஜன் பட்டுப் பழையதாகிவிட்ட பீரின் அடையாளங்கள். இத்தகைய பீரை அடைத்த இரண்டு மூன்று மாதங்களுக்குள், அதுவும் குளிரில் வைத்திருந்து அருந்துவதே சிறப்பு.

நுரை பொங்கியதற்கு ஆலையைக் குறை கூற வேண்டாம். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். கரைந்துள்ள வாயு இங்கே கூடுதலாகவே சீறும். இன்னும் உயரத்தில் வாழும் நான் அகன்ற கிண்ணத்தின் மேல் வைத்துத்தான் கேனைத் திறப்பேன்.

மீதமுள்ள கேன்களைக் குளிர்பதனப் பெட்டியின் 4 பாகை செல்சியஸ் குளிரிலேயே அருந்தாதீர்கள். 8 முதல் 10 பாகை வரை ஏறட்டும். மார்கழி இரவில் நம் வீட்டு அறையே அதற்குப் போதும். ஊற்றியவுடன் சுவைக்காமல் முதலில் மோந்து பாருங்கள், ஏனெனில் மெல்லிய மணங்கள் முதல் அரை நிமிடத்திலேயே பறந்துவிடும். பைன் என்று எழுதியிருப்பது எதைக் குறிக்கிறது என்று அறிய, ஓர் ஊசியிலையைக் கசக்கி முகர்ந்தால் போதும். அமெரிக்க ஹாப்ஸில் அடிக்கடி வரும் மற்றொரு மணம் நமக்குப் பம்பளிமாஸ் தோலாகத்தான் புரியும்.

இறுதியாக, துப்பாதீர்கள். தேநீருக்கு அது சரி. ஹாப்ஸின் கசப்பு விழுங்கிய பிறகு அடிநாக்கில் எழுந்து நிற்பது. அது எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படி அடங்குகிறது என்பதே மதிப்பீட்டின் பாதி.

கோத்தகிரிக்காரன் எழுதியது:

ஓர் ஐயம். இந்தியா என்ற பெயரே, இது நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கப்பலில் வந்ததால்தானே அமைந்தது? அந்தப் பயணத்தைத் தாங்கிய பீர் விமானத்தில் வந்து கெட்டுப்போவது விந்தையாக இருக்கிறது.

பைன்காட்டு வாசி எழுதியது:

நல்ல கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டனில் இருந்தும், பீர் ஆலைகளுக்குப் பெயர்போன பர்ட்டன் என்னும் ஆங்கிலேய ஊரில் இருந்தும் வந்த பீரில் ஹாப்ஸை அள்ளிப் போட்டது கெடாமல் காக்கவே. அது பீப்பாயில் முதிர்ந்து சுவை மாறுவதை மக்கள் எதிர்பார்த்தார்கள். அதை யாரும் மாம்பழ மணம் என்று சொல்லி விற்கவில்லை. இன்றைய மணத்துக்குக் காரணமான காஸ்கேட் என்னும் ஹாப்ஸ் வகை 1972-இல்தான் வெளிவந்தது. சிட்ரா என்னும் மற்றொரு வகை அதற்கும் பல்லாண்டு பிந்தியது. பெயர் ஒன்றாக இருந்தாலும் பண்டம் வேறு.

தேயிலைக்காரரின் உலர்ந்த நாக்கைப் பற்றி ஒன்று சொல்ல மறந்தேன். கசப்பு வேறு, துவர்ப்பு வேறு. பாகற்காய்க்கும் கொட்டைப்பாக்குக்கும் உள்ள வேறுபாடுதான் அது. தேநீரில் துவர்ப்பு பெருமை. ஐபிஏவில் அது சிறிதளவே இருக்கலாம், ஈறும் கன்னமும் சொரசொரத்தால் குறை என்றே எழுத வேண்டும். பீர் நடுவர்களின் 50 மதிப்பெண் தாளில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, மொத்த நிறைவுக்கு 10. கசப்பு சுவையிலும், துவர்ப்பு வாயுணர்விலும் சேரும்.

குன்னூர்க் கோப்பை எழுதியது:

நேற்றிரவு இரண்டாவது கேனைக் கிண்ணத்தின் மேல் வைத்துத் திறந்தேன். 9 பாகையில் மோந்தபோது, ஆரஞ்சுத் தோல் ஒரு கணம் தலைகாட்டி மறைந்தது உண்மை. அதன் பின் மீண்டும் அட்டைதான். தொழில் முறைக்கு மாறாக விழுங்கினேன்; கசப்பு அடிநாக்கில் ஏறி, ஏறக்குறைய ஒரு நிமிடம் நின்று, சுத்தமாக அடங்கியது. சொரசொரப்பு மிகக் குறைவு. முதல் நாள் நான் துவர்ப்பு என்று எண்ணியதில் பெரும்பங்கு கசப்பே. மணத்துக்கு 4, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 10, வாயுணர்வுக்கு 4, நிறைவுக்கு 4, ஆக 25 கொடுத்தேன். மைத்துனர் 38 கொடுத்தார். சுமந்து வந்தவர் அவர்.