வேலையில்லாதோர் உதவித்தொகை: மனு எங்கே சிக்குகிறது?

மலைக்கோட்டை:
தமிழ்நாடு அரசு தரும் இந்தத் தொகைக்கு வரும் மனுக்களில் தகராறு வருவது பெரும்பாலும் 5 வருடக் கணக்கில்தான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து கார்டு போட்டு 5 வருடம் ஓடிவிட்டதே என்று வந்து நிற்பார்கள். அது மட்டும் போதாது. எந்தப் படிப்புக்குத் தொகை கேட்கிறோமோ, அந்தப் படிப்பைப் பதிந்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். பிளஸ் டூவை 2017-இலும் டிகிரியை 2022-இலும் பதிந்தவர் 2025-இல் மனு போட்டால் மாதம் 400 ரூபாய்தான். டிகிரிக்கான 600 வேண்டுமென்றால் 2027 வரை பொறுக்க வேண்டும். மொத்தம் 3 வருடம்தான் கொடுப்பார்கள், முழுக்க வாங்கி முடித்தவர் மறுபடி கேட்க முடியாது. அந்த 3 வருடத்தில் கைக்கு வருவது 400 வீதம் 14,400-ஆ, 600 வீதம் 21,600-ஆ என்பதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். வயது வரம்பு 40, எஸ்.சி., எஸ்.டி. என்றால் 45. அதைத் தாண்டாமல் காத்திருக்க முடிந்தால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும்.

வைகைக்கரை:
இடையில் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அந்த 5 வருடமும் போச்சு. 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எந்த மாதம் என்று கார்டிலேயே அச்சாகியிருக்கும், யாரும் கவனிப்பதில்லை.

இ-சேவைக்காரர்:
வருமானம் வருடத்துக்கு 72,000-க்கு மேல் போகக்கூடாது. இது மனுதாரருக்கு மட்டுமில்லை, மொத்தக் குடும்பத்துக்கும். மாதம் 6,000 என்றால் இன்றைக்கு எந்தக் கூலி வீட்டுக்குப் பொருந்தும் என்பது வேறு கேள்வி! பொறியியல், மருத்துவம், சட்டம், விவசாயம் போன்ற தொழிற்பட்டம் முடித்தவர்களுக்கு இந்தத் திட்டமே கிடையாது. தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிப்பவர்களுக்கும் இல்லை, தபால் வழியில் படித்தால் தடையில்லை.

மலைக்கோட்டை:
மாற்றுத்திறனாளிகளுக்கு விதி வேறு. பதிந்து ஒரு வருடம் ஆனாலே போதும், வருமான வரம்பு கிடையாது, 10 வருடம் வரை கிடைக்கும். பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் டூவுக்கு 750, டிகிரிக்கு 1,000. இது தெரியாமல் பொதுப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் குறைந்த தொகையில் போய் மாட்டிக்கொள்வார்கள். படிவம் வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். இலவசம்தான், காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

வைகைக்கரை:
பணம் வரத் தொடங்கிய பிறகும் வருடா வருடம் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். திடீரென்று காலாண்டுத் தொகை வரவில்லை என்றால் பேங்க்குக்கு ஓடுவதற்கு முன் அந்த ஆவணம் கொடுத்தோமா என்று பாருங்கள். மாற்றுத்திறனாளி அல்லாதவர்களில் பத்தாவது தேறாதவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300. தொகை வாங்குவதால் பதிவு ரத்தாகாது, சீனியாரிட்டி அப்படியே இருக்கும்.