கலைச்சொல்: டேட்டா எக்ஸ்ட்ராக்ஷன் – ‘தரவெடுப்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அனைவருக்கும் வணக்கம். ஆவணங்களிலிருந்து வேண்டிய விவரங்களைக் கணினியைக் கொண்டு எடுப்பதுதான் டேட்டா எக்ஸ்ட்ராக்ஷன். அதற்குத் தமிழில் ‘தரவெடுப்பு’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். குழுவில் நீங்கள் எழுப்பிய கேள்விகளை மேற்கோளாகப் போட்டுப் பதில் சொல்கிறேன்.

> ‘பிரித்தெடுத்தல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பொருளும் விளங்குகிறது. புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து ஏன் குழப்ப வேண்டும்?

ஐயா, பத்து நாள் முன்பு கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். போன வாரம் நிரல் எழுதத் தெரியாத நண்பர் ஒருவருக்காக ஒரு பணியோட்டம் (வொர்க்ஃப்ளோ) அமைத்துக் கொடுத்தேன். அதில் ஒவ்வொரு வேலையும் திரையில் ஒரு பெட்டியாக நிற்கும், ஒன்றன்பின் ஒன்றாகத் தானே நடக்கும். அவரே பின்னால் பார்த்துக்கொள்ளட்டும் என்று பெட்டிகளுக்கெல்லாம் தமிழிலேயே பெயர் வைத்தேன். வேலை சின்னதுதான். பில்களோடு மின்னஞ்சல் வந்தால் கூட வந்த ஜிப் கோப்பை அவிழ்க்க வேண்டும், உள்ளே இருக்கும் பிடிஎஃப்களை ஒவ்வொன்றாக அடுத்த கட்டத்துக்கு அனுப்ப வேண்டும், அப்புறம் ஒவ்வொன்றிலிருந்தும் பில் எண், தேதி, மொத்தத் தொகை மூன்றையும் எடுத்து விரிதாளில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். பெயர் வைத்து முடித்துவிட்டுப் பார்த்தால் திரையில் மூன்று பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன: ‘பிரித்தெடு’, ‘பிரி’, ‘பிரித்தெடு’. ஜிப்பை அவிழ்ப்பதற்கு நாம் பல காலமாக ‘பிரித்தெடு’ என்றுதான் எழுதி வருகிறோம், பட்டியலைத் தனித்தனி உருப்படிகளாக்குவதற்கு ‘பிரி’, கடைசியில் தரவை எடுப்பதற்கும் அதே ‘பிரித்தெடு’. மறுநாள் ஓட்டம் நடுவில் நின்றது. நண்பர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, “எந்தப் பிரித்தெடு நின்றிருக்கிறது?”

அதிலிருந்துதான் யோசிக்க ஆரம்பித்தேன். குழப்பம் பெட்டிப் பெயரோடு நிற்கவில்லை, சொல்லே வேறொரு வேலையைச் சொல்கிறது. தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுத்தால் அதன் பிறகு தாது தாதுவாக இருக்காது. ஆவணம் அப்படியில்லை. மூன்று விவரங்களை எடுத்த பிறகும் அது முழுசாக அங்கேயேதான் இருக்கிறது.

இன்னொன்று, பிரிப்பதற்கு உள்ளே அது ஒரு தனிப் பொருளாக இருந்தால்தானே? 1993இல் பிடிஎஃப் வந்தபோது அதன் நோக்கமே எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான். அதனால் பெரும்பாலான பிடிஎஃப்களுக்குள் ‘மொத்தத் தொகை’ என்று எந்தப் புலமும், அதாவது பெயரிட்ட தனி இடமும், கிடையாது. இந்த எழுத்துருவை எடு, பக்கத்தில் இந்த இடத்தில் இந்த வடிவத்தை வை, அந்த இடத்தில் அந்தக் கோட்டை இழு என்ற கட்டளைகள் மட்டுமே இருக்கின்றன. நம் கண்ணுக்கு அட்டவணையாகத் தெரிவது அதற்குச் சில கோடுகளும் எண்களும்தான். ஸ்கேன் செய்த தாள் என்றால் அதுவும் இல்லை, வெறும் படம். முதலில் எழுத்துணரி (படத்தில் இருக்கும் எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள், ஓசிஆர்) அதைப் படித்தாக வேண்டும்.

தமிழ் ஆவணம் என்றால் வேறொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. நண்பரின் ஓட்டம் அன்று நின்றதற்குக் காரணமே இதுதான். ‘மொத்தம்’ என்ற சொல்லைத் தேடி அதற்கு அடுத்திருக்கும் எண்ணை எடு என்று விதி எழுதியிருந்தேன். பில்லில் ‘மொத்தம்’ பளிச்சென்று தெரிகிறது, ஆனால் விதிக்கு அது அகப்படவில்லை. அந்த வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தால் ‘ெமாத்தம்’ என்று வந்து விழுகிறது. கொம்பு கண்ணுக்கு மெய்க்கு முன்னால் தெரிகிறது, கணினிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடில் அது மெய்க்குப் பின்னால் வர வேண்டும். அந்தக் கோப்பை உருவாக்கிய மென்பொருள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுதி வைத்துவிட்டது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் அடித்த ஆவணம் என்றால் இன்னும் மோசம், ஒட்டியதும் ஆங்கில எழுத்துகளாகத்தான் வரும். இத்தனையையும் சமாளித்து, இது இன்ன விவரம் என்று அறிந்து எடுப்பதற்குப் ‘பிரித்தல்’ என்று பெயர் வைத்தால் நடக்கிற வேலை மறைந்துபோகிறது.

மற்ற பரிந்துரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘சுரண்டல்’ வேண்டவே வேண்டாம். இணையப் பக்கங்களிலிருந்து எடுப்பதற்கு அதைச் சிலர் எழுதுகிறார்கள், ஆனால் தமிழில் சுரண்டல் என்றதும் உழைப்புச் சுரண்டல்தான் நினைவுக்கு வரும். ‘அகழ்வு’ டேட்டா மைனிங்குக்கு (பெரிய தரவுக் குவியலில் ஒழுங்குகளைத் தேடுவது) ஏறக்குறைய நிலைத்துவிட்டது, அதை அங்கேயே விட்டுவிடலாம். ‘பகுப்பு’ என்று குழுவில் அக்கா ஒருவர் எழுதியது எனக்கும் பிடிக்கும். ஆனால் பகுபதம், பகுதி, விகுதி என்று ஒரு சொல்லை அதன் உறுப்புகளாக முழுதும் பிரித்துக் காட்டும் நம் இலக்கண வழக்கம் பார்சிங் (கணினி ஒரு வரியை உறுப்பு உறுப்பாகப் பிரித்து அறிவது) என்பதற்கு அச்சாகப் பொருந்துகிறது, அதைப் பார்சிங்குக்கே ஒதுக்க வேண்டும். பணியோட்டம் அமைக்கும் சேவையான ஜேப்பியரின் மின்னஞ்சல் கருவிக்குப் பெயரில் பார்சர் என்று இருக்கலாம். பயனர் அதில் செய்வது, மாதிரி மின்னஞ்சல் ஒன்றில் தனக்கு வேண்டிய இடங்களைக் குறித்துக் காட்டி, இதையும் இதையும் எடு என்று சொல்வதுதான்.

எடு. இந்தச் சொல் நம் கையிலேயே இருக்கிறது. கணக்கெடுப்பு, வாக்கெடுப்பு, குறிப்பெடுப்பு என்று ஒரு வரிசையே இருக்கிறதே! கணக்கெடுத்ததால் வீட்டில் ஒருவரும் குறைவதில்லை, குறிப்பெடுத்ததால் புத்தகத்தில் ஒரு வரியும் காணாமல் போவதில்லை. இருப்பதை இருக்கவிட்டு வேண்டியதை மட்டும் அறிந்து எடுத்துக்கொள்வது என்ற பொருள் அந்த வரிசைக்கே உண்டு. அதில் ‘தரவெடுப்பு’ இயல்பாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. தரவு என்ற சொல்லும் தா என்ற வினையிலிருந்து வந்தது, ஆவணம் தருவதை நாம் எடுக்கிறோம் என்று சொல்லிப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைகிறது.

> தரவு + எடுப்பு சேரும்போது உகரம் கெடுமா? அது குற்றியலுகரம் இல்லையே.

இல்லைதான், முற்றியலுகரம். ஆனால் முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும். கதவு + அடைப்பு = கதவடைப்பு என்பதை யாரும் தயங்காமல் எழுதுகிறோம், தரவெடுப்பும் அதே வழிதான்.

> பிச்சையெடுப்பதும் ‘எடுப்பு’தானே, மதிப்பாக இருக்குமா?

எடுப்பதற்கு மதிப்பைக் கொடுப்பது முன்னால் நிற்கும் சொல். கணக்கெடுப்பு என்று கேட்டதும் யாருக்கும் பிச்சை நினைவுக்கு வருவதில்லையே. அதோடு இது வினையாகவும் நன்றாக ஓடுகிறது. பொத்தானில் ‘தரவெடு’, நடக்கும்போது ‘தரவெடுக்கிறது’, தவறினால் ‘தரவெடுக்க முடியவில்லை’. சின்னப் பெட்டிக்குள்ளும் அடங்கிவிடுகிறது. கருவிக்கு ‘தரவெடுப்பி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எடுப்பித்தல் என்றால் பிறரை எடுக்கச் செய்வது என்ற பொருளும் வரும் என்பதால் அழிப்பான், துடைப்பான் போல ‘தரவெடுப்பான்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். இடம் குறித்துக் காட்டி எடுத்தாலும், சுருங்குறித்தொடர் (எழுத்துக் கோவையின் அமைப்பைச் சொல்லும் விதி, ரெஜெக்ஸ்) எழுதி எடுத்தாலும், மொழி மாதிரியிடம் (சாட்ஜிபிடி போன்றவற்றின் அடியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவு) கேட்டு எடுத்தாலும் சொல் மாறாது என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது, கருவிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கின்றன.

நோ-கோட், அதாவது பயனர் நிரல் எழுதாமலே பயன்படுத்தும் கருவிகள், பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘நிரலற்ற’, ‘நிரலில்லா’ இரண்டும் உண்மைக்குப் புறம்பு. அந்தக் கருவிகளுக்குள் நிரல் ஏராளமாக இருக்கிறது, பயனர் எழுதுவதில்லை, அவ்வளவுதான். வாடா மலர், அணையா விளக்கு போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக ‘நிரலெழுதா’ என்றால் எழுதாதது யார் என்பதும் விளங்கிவிடும்: நிரலெழுதாப் பணியோட்டம். பணியோட்டத்துக்குச் சிலர் எழுதும் ‘பணிப்பாய்வு’ என்பதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் “ஓட்டம் நின்றுவிட்டது, மறுபடி ஓட்டு” என்று பேச்சில் தானாக வருகிறது, “பாய்வு நின்றுவிட்டது, மறுபடி பாய்ச்சு” என்று ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை.

மின்னஞ்சலில் வரும் அட்டாச்மென்டுக்கு ‘இணைப்பு’ என்பதைத் தயவுசெய்து கைவிடுவோம். லிங்க், கனெக்ஷன், அட்டாச்மென்ட் மூன்றுக்கும் அந்த ஒரே சொல்லை இழுத்துக்கொண்டிருக்கிறோம், ஒரு பணியோட்டத்தில் மூன்றுமே வரும். மின்னஞ்சலில் கோப்புகளைச் சேர்த்து அனுப்புவதற்காக 1992இல் வந்த மைம் விதிகளின்படி அட்டாச்மென்ட் அஞ்சலின் ஒரு பகுதியாகவே அதற்குள் அடைபட்டு வருகிறது, லிங்க் வெளியே வேறோர் இடத்தைக் காட்டுகிறது. ‘உடனிணைப்பு’ என்று எழுதினால் இந்த வேறுபாடு நிற்கும்.

ஒன்று மட்டும் எனக்கு அகப்படவில்லை. எடுத்த தொகை சரிதானா என்ற ஐயம் வந்தால், தேதி 03/04 என்று இருந்து எது நாள் எது மாதம் என்று தெரியாவிட்டால், ஓட்டம் அங்கே நின்று, ஒரு மனிதர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் நகர வேண்டும். அந்தக் கட்டத்துக்கு ‘சரிபார்ப்பு’ என்று வைக்கலாம்தான், ஆனால் கணினியே செய்யும் சரிபார்ப்பும் அதே ஓட்டத்தில் இருக்கிறது. நண்பரின் திரையில் இப்போதைக்கு ‘ஆள் பார்வைக்கு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.