கதையாகச் சொல்லும் சுயமுன்னேற்ற நூலால் பயன் உண்டா?

கேள்வி (கோத்தகிரி):
சுயமுன்னேற்ற நூல் என்றாலே ஒதுங்கிவிடும் நான், 1926-இல் வெளியான ஜார்ஜ் கிளாசனின், பணத்தைச் சேமிப்பது பற்றிய பாபிலோன் கதைகளை வேண்டா வெறுப்பாகத்தான் எடுத்தேன்; ஆனால் கீழே வைக்க மனம் வரவில்லை. கதை உருவில் இருப்பதுதான் காரணமா?

பதில் (குன்னூர்):
கதைதான் காரணம். இரண்டு ஷெக்கல் (அக்கால நாணயம்) கடன் கேட்டு வரும் இசைக்கலைஞனிடம், நாள் முழுதும் உழைத்தும் தன் பையும் காலி என்று தேர் செய்பவன் சொல்லும் இடத்தில், பச்சைத் தேயிலை விலையை நம்பி வாழும் எங்கள் வீட்டுப் பேச்சே கேட்டது. உறைபனிக் காலத்தில் கொழுந்து குறையும்போது மாதம் இவ்வளவு என்று ஒதுக்க முடியாது. நூல் சொல்வதுபோல், வருவதில் பத்தில் ஒரு பங்கைச் சேமிப்பது என்றால் முடிகிறது.

பதில் (உதகை):
வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கிய துண்டுப் பிரசுரங்களாகத் தொடங்கியவை இவை. ஆகவே சேமிப்பின் புகழைச் சற்றுத் தள்ளி நின்றே படிக்கிறேன். எனினும் கதையில் கடனில் சிக்கிய ஒட்டக வணிகனின் கணக்கு உருப்படியானது: வருமானத்தின் பத்துப் பங்கில் ஒரு பங்கு சேமிப்பு, ஏழு பங்கு குடும்பச் செலவு, இரண்டு பங்கு கடன்காரர்களுக்கு. அந்த இரண்டு பங்கையும் எல்லோருக்கும் நியாயமாகப் பிரித்துத் தருகிறான்.

கேள்வி கேட்டவர்:
கடன் பகுதியை இன்னும் எட்டவில்லை. அதை முதலில் படிக்கிறேன்.