உபுண்டுவில் தமிழ் ரைப் பண்ண ஏலாம இருக்கு

இடம் களுவாஞ்சிகுடி. தங்கச்சி உயர்தரம், ஒன்லைன் வகுப்பு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரோட முடிஞ்சதால பழைய லெனோவோ திங்க்பேட் டி450ல விண்டோஸுக்குப் பதிலா உபுண்டு 22.04 எண்ட இலவச இயங்குதளத்தைப் போட்டம். சூம் நல்லா ஓடுது.

சிக்கல் ரைப்பிங்ல. சேர் அனுப்புற ரியூட் (பாடக் குறிப்பு) எல்லாம் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில. முதல்ல வெறும் ஆங்கில எழுத்தாத் தெரிஞ்சது. எழுத்துருவைப் போட்டதும் வாசிக்க ஏலும், விடை எழுதத்தான் ஏலாது. தமிழ் ரைப் பண்ண உதவுற ஐபஸ்-எம்17என் மென்பொருளை நிறுவி, ரங்கநாதன் எண்ட தமிழ் விசைப்பலகை அமைப்பையும் சேர்த்தாச்சு. ஃபயர்பொக்ஸ்ல தமிழ் விழுது, லிப்ரே ஒபிஸ் 7.3ல (வேர்ட் மாதிரி இலவச மென்பொருள்) ஆங்கிலம் மட்டும். ஐபஸை மீள இயக்கியும், லொக் அவுட் ஆகி வந்தும் அதே கதை. கூகிள் டொக்ஸ்ல எழுதலாம்தான், டேட்டாவுக்குக் கட்டாது. (திரும்ப விண்டோஸ் போடுங்க எண்டு மட்டும் சொல்லாதீங்க.)

லிப்ரே ஒபிஸ்ல தமிழ் விழ எந்த செட்டிங்கை மாத்தணும்?