அருமண் காந்தம்: தாது பல நாட்டில் இருக்க, பிடி மட்டும் சீனாவிடம் ஏன்?

வைகைக்கரை கேட்டது:

2025 ஏப்ரல் 4 அன்று சமாரியம், காடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், யிட்ரியம் என்ற ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று சீனா அறிவித்தது. கார் மோட்டார்களுக்கு வேண்டிய இந்தக் காந்தம் கிடைக்காமல், மே மாதத்திலேயே சிகாகோவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஆலை ஒரு வாரம் மூடப்பட்டது. அதே மாதக் கடைசியில் ஜப்பானில் சுசூகி ஸ்விஃப்ட் உற்பத்தியும் நின்றது.

எனக்குப் புரியாதது இரண்டு. அமெரிக்காவில் மவுன்டன் பாஸ், ஆஸ்திரேலியாவில் மவுன்ட் வெல்ட், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி என்று தாது பல இடங்களில் கிடக்கிறது. பிறகு ஏன் எல்லோரும் ஒரே வாசலில் நிற்கிறார்கள்? அடுத்து, சீனா "விற்கமாட்டேன்" என்று சொல்லவே இல்லை, "அனுமதி வாங்கு" என்றுதான் சொன்னது. வெறும் அனுமதிச் சீட்டுக்காக ஒரு கார் ஆலை நிற்குமா?

கரைப்பான் பதில்:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். தாதுவைத் தோண்டுவது இதில் சின்ன வேலை. தோண்டிய பிறகு பதினைந்து பதினாறு தனிமங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். வேதிக் குணத்தில் அவை ஏறக்குறைய ஒரே வார்ப்பு. பிரசியோடிமியத்தையும் நியோடிமியத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அருமண் கரைந்த அமிலக் கரைசலை எண்ணெயில் கரைத்த கரைப்பானோடு கலக்கி, எது எண்ணெய்ப் பக்கம் அதிகம் போகிறது என்பதை வைத்துத்தான் பிரிப்பார்கள். வழக்கமான கரைப்பானில் இவற்றின் பிரிப்புக் காரணி, அதாவது ஒன்று மற்றதைவிட எத்தனை மடங்கு அந்தப் பக்கம் போகிறது என்பது, 1.5 என்ற அளவுதான். ஒரு முறை கலக்கிப் பிரித்தால் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய்ப் பக்கம் போகும், அவ்வளவே. 99 சதவீதத்துக்கு மேல் தூய்மை வேண்டுமென்றால் அதையே நூற்றுக்கணக்கான முறை செய்யவேண்டும்.

ஆலைக்குள் போனால் பெட்டி பெட்டியாகத் தொட்டிகள் வரிசையில் நிற்கும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பாதியில் கிளறி ஓடும், மறு பாதியில் கலவை அமைதியாகப் படியும். மண்ணெண்ணெயில் கரைத்த பி507 என்ற பாஸ்பரஸ் அமிலக் கரைப்பான் மேலே மிதக்கும், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசல் கீழே நிற்கும். எண்ணெய் ஒரு திசையில் அடுத்த தொட்டிக்குப் போக, தண்ணீர் எதிர்த்திசையில் வரும். சிலிக்காவோ அலுமினியமோ கொஞ்சம் கூடுதலாக உள்ளே வந்தால் இரண்டுக்கும் நடுவே சேறு போல ஒரு படலம் கட்டி, பிரிவே நடக்காது. நடுவில் ஒரு தொட்டியில் அமில அளவு தவறினால் அந்தப் பிழை வரிசை முழுக்க ஓடும். பழைய தூய்மைக்குத் திரும்ப நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வெளிவரும் சரக்கை மறுபடி தொடக்கத்திலேயே கொட்டவேண்டும்.

எத்தனை தொட்டி, எந்த வேகத்தில் எவ்வளவு ஓட்டம் என்பதைக் கணக்குப் போட்டே வடிவமைக்கும் முறையை 1970-களில் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் சூ குவாங்சியன் உருவாக்கினார். 2008-இல் சீனாவின் உயர்ந்த அறிவியல் விருது அவருக்குக் கிடைத்தது. சோதனை ஆலை கட்டி, தவறு பார்த்து, திருத்திக் கட்டும் வேலை அந்தக் கணக்கால் பெருமளவு குறைந்தது. செலவு இறங்கியது, விலையும் இறங்கியது. மவுன்டன் பாஸில் பிரிப்பு வேலை 1998-இல் நின்றது, சுரங்கமே 2002-இல் மூடியது. கழிவுநீர்க் குழாய்க் கசிவும் சேர்ந்துகொண்டது. அதை மறுபடி திறந்த மோலிகார்ப் நிறுவனம், விலை சரிந்ததும் 2015-இல் திவாலானது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும். மவுன்டன் பாஸில் இருப்பது பெரும்பாலும் நியோடிமியம் போன்ற இலகு அருமண். டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற கனரக அருமண் தென் சீனத்தில் ஜியாங்சி மாகாணத்தின் கன்சோவ் பக்கத்துக் களிமண்ணிலும், எல்லைக்கு அப்பால் மியான்மரின் கச்சின் மாநிலத்திலும்தான் எளிதாகக் கிடைக்கிறது. அம்மோனியம் சல்பேட் கரைசலை மலைச்சரிவில் ஊற்றினாலே இறங்கி வந்துவிடும். அந்த மலையும் கீழே ஓடும் ஆறும் என்ன ஆகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கச்சின் சரக்கும் பிரிப்புக்குச் சீனாவுக்குத்தான் போகிறது.

செங்கல்சூளை பதில்:

கரைப்பான் சொன்னதோடு அடுத்த படியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரித்தெடுத்த அருமண் ஆக்சைடு கையில் இருந்தாலும் காந்தம் ஆகிவிடாது.

நியோடிமியம் காந்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு இரும்பு, ஏறக்குறைய 30 சதவீதம் அருமண், ஒரு சதவீதம் போரான். உலோகக்கலவையை உருக்கி, மெல்லிய தகடாக வார்த்து, 3 முதல் 5 மைக்ரான் பொடியாக அரைப்பார்கள். அந்தப் பொடி காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் என்பதால் அரைப்பது நைட்ரஜனில். காந்தப் புலத்துக்குள் வைத்து அழுத்தி, 1050 டிகிரி அளவில் சூளையில் சுடுவார்கள். ஆக்சிஜன் கொஞ்சம் கூடப் புகுந்தால் அருமண் ஆக்சைடாகி, காந்தம் வலுவிழக்கும்.

டிஸ்ப்ரோசியம் ஏன் இத்தனை முக்கியம் என்பது காந்தத்தின் தரத்தைக் குறிக்கும் எழுத்தில் தெரியும். கூடுதல் எழுத்து சேராத 'என்' தரம் 80 டிகிரி வெப்பம் வரை தாங்கும். 'எச்' 120, 'எஸ்எச்' 150, 'யுஎச்' 180. மின்கார் மோட்டாரின் சுழலிக்குக் கடைசி இரண்டில் ஒன்று வேண்டும், ஒரு மோட்டாருக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ. சூடேறிய நேரத்தில் சுற்றுக்கம்பியின் எதிர்ப்புலம் பட்டால் தரம் குறைந்த காந்தம் நிரந்தரமாகவே காந்தத்தை இழக்கும், ஆறவிட்டாலும் திரும்பாது. அதைத் தடுப்பது காந்தத்தில் சேர்க்கும் சில சதவீத டிஸ்ப்ரோசியம். மேற்பரப்பில் பூசி, சூடாக்கி, காந்தத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகளின் எல்லை வழியாக மட்டும் ஊறவைத்தால் இன்னும் குறைவாகவே போதும். ஆனால் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் அது உள்ளே இறங்காது.

இந்தக் காந்தத்தைக் கண்டுபிடித்தது சீனா இல்லை. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் சாகாவா என்ற ஆய்வாளரும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் காந்தப் பிரிவான மேக்னிகுவென்ச் 1995-இல் சீன முதலீட்டாளர்கள் இருந்த குழுவுக்கு விற்கப்பட்டது. இந்தியானாவில் இருந்த ஆலை 2003-இல் மூடி, வேலை சீனாவுக்குப் போனது. 2023 டிசம்பரில் காந்தத் தயாரிப்புத் தொழில்நுட்பத்தை வெளியே விற்கச் சீனா தடை போட்டுவிட்டது. வந்த வழியைத் தெரிந்தே அடைத்தார்கள் என்பேன்.

கப்பல்சீட்டு பதில்:

இரண்டாவது கேள்விதான் இதில் கூர்மையானது. ஆம், சீட்டுக்காக ஆலை நிற்கும். கணக்கு எளிது.

விண்ணப்பிப்பது வாங்குபவர் இல்லை, சீனாவில் உள்ள ஏற்றுமதியாளர். மாகாண வணிகத் துறை வழியாக பெய்ஜிங்கில் உள்ள வணிக அமைச்சகத்துக்குப் போகும். சட்டப்படி 45 வேலைநாள், அதாவது ஒன்பது வாரம், நடுவில் விடுமுறை வந்தால் இன்னும் கூடும். கார் ஆலையில் காந்த இருப்பு அத்தனை வாரத்துக்கு இருக்காது. ஏப்ரல் அறிவிப்பு அன்றைக்கே அமலுக்கு வந்ததால் முன்கூட்டி வாங்கி வைக்கவும் வழியில்லை. மே மாதம் சீனாவின் அருமண் காந்த ஏற்றுமதி முந்தைய ஆண்டு மே மாதத்தைவிட ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு சரிந்தது. ஒரு வரிகூடத் "தடை" என்று எழுதவில்லை.

ஒப்பந்தம், தொழில்நுட்ப விவரம், இறுதிப் பயன்பாட்டாளர் சான்று ஆகியவை அதோடு போகவேண்டும். கோப்பு திரும்பி வருவது பெரும்பாலும் அந்தச் சான்றில்தான். இடைத்தரகர் பெயரையே இறுதிப் பயன்பாட்டாளராக எழுதுவது முதல் தவறு. "மோட்டாருக்கு" என்று மட்டும் எழுதுவது அடுத்தது. எந்த வண்டி, எந்தப் பாகம், யார் பொருத்துகிறார் என்று இருக்கவேண்டும். டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் இல்லாத நியோடிமியம் காந்தம் பட்டியலிலேயே இல்லை, ஆனால் சுங்கக் குறியீடு பொதுவாக ஒன்றே என்பதால் துறைமுகத்தில் அதையும் நிறுத்திச் சோதிக்கிறார்கள். ஆகவே தனிமவாரியான ஆய்வறிக்கையைச் சரக்கோடு வைப்பது நல்லது.

இந்தச் சான்றுகள் குவியக் குவிய, உலகில் யார் எந்தப் பொருளுக்கு எத்தனை கிலோ காந்தம் வாங்குகிறார் என்ற வரைபடம் பெய்ஜிங் மேசையில் தயாராகிறது. அடுத்த முறை எங்கே அழுத்தினால் வலிக்கும் என்பது அதில் இருக்கும். என்னைக் கேட்டால் தாமதத்தைவிட இதுதான் பெரிய விஷயம்.

முறையை மாற்றியதற்கும் காரணம் உண்டு. முன்பு ஏற்றுமதி ஒதுக்கீட்டு அளவு வைத்திருந்தார்கள். உலக வர்த்தக அமைப்பில் 2014-இல் அந்த வழக்கில் சீனா தோற்றது, 2015 தொடக்கத்தில் ஒதுக்கீட்டை எடுத்தது. 2020 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தேசப் பாதுகாப்பை அடிப்படையாகக் கொண்டது. அதை வழக்காடி உடைப்பது மிகக் கடினம்.

வைகைக்கரை:

நன்றி, மூவருக்கும். 2025 அக்டோபரில் வந்த விதிகளை நிறுத்திவைத்துவிட்டார்களே, அப்படியானால் தீர்ந்ததா? மணவாளக்குறிச்சி பற்றி யாரும் சொல்லவில்லை.

கப்பல்சீட்டு பதில்:

இரண்டையும் கலக்கவேண்டாம். அக்டோபர் 9 அறிவிப்பு, வெளிநாட்டில் செய்த பொருளிலும் சீன அருமண்ணின் மதிப்பு 0.1 சதவீதம் இருந்தாலே அனுமதி வேண்டும் என்றது. அமெரிக்கா சிப்புகளுக்குப் போட்ட விதியின் அதே அமைப்பு. அக்டோபர் 30 அன்று புசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்த பிறகு அதை 2026 நவம்பர் 10 வரை நிறுத்திவைத்தார்கள். ஏப்ரல் பட்டியல் அந்த நிறுத்தத்தில் வரவில்லை.

கரைப்பான் பதில்:

மணவாளக்குறிச்சி மணலில் இருப்பது மோனசைட் என்ற அருமண் கனிமம். இந்தியாவின் மோனசைட் இருப்பு 1.3 கோடி டன் என்று அணுசக்தித் துறையின் கணக்கு. அதில் கதிரியக்கத் தோரியம் இருப்பதால் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகிறது, தனியார் கைவைக்க முடியாது. நியோடிமியம், பிரசியோடிமியம் கிடைக்கும். கனரக அருமண் மிகச் சொற்பம். 'எஸ்எச்' தரத்துக்கு வேண்டிய டிஸ்ப்ரோசியத்தை வெளியே தேடியே ஆகவேண்டும்.

நடந்துகாட்டிய வழி ஜப்பானுடையது. 2010-இல் சீனாவோடு சென்காகு தீவுச் சச்சரவில் சீனச் சரக்கு நின்றதும், 2011-இல் அரசு நிறுவனமான ஜோக்மெக்கும் வணிக நிறுவனமான சோஜிட்ஸும் சேர்ந்து ஆஸ்திரேலியாவின் அருமண் நிறுவனமான லைனாஸில் 25 கோடி டாலர் போட்டன. மலேசியாவின் குவாந்தானில் உள்ள லைனாஸ் ஆலையிலிருந்து பிரித்த டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு 2025 மே மாதம்தான் வந்தது. பணம் போட்டு பதினான்கு ஆண்டுக்குப் பிறகு.